வேலை தெரிந்த கத்திகள்

யாழ்ப்பாணத்தில் கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் ஒரு கணம் பேசாமல் என் முகத்தைப் பார்ப்பார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்து, யன்னலை உடைத்து, முற்றத்தில் நிற்கிற வாகனத்துக்குத் தீ வைத்து, குறுக்கே வந்தவரை வெட்டிவிட்டுப் போகிற செய்திகளைப் பல வருசமாகக் கேட்டுக் கேட்டே இந்த ஊருக்குக் கத்தி என்றால் வாள்வெட்டு என்று ஆகிவிட்டது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வாள் கிடையாது. ஆளை வெட்டவென்று அடித்த எதையும் நான் வாங்கியதும் இல்லை, வாங்கப் போவதும் இல்லை. நான் சேர்ப்பது வேலைக் கத்திகளை. மரம் ஏறுபவர், பாய் இழைப்பவர், ஆட்டுக்குக் குழை வெட்டுபவர், மீன் வெட்டுபவர், வேலி அடைப்பவர் என்று ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு கத்தி இருந்தது. என்ன வேலைக்கு அடித்தது என்று சொல்லத் தெரியாத கத்தி, எவ்வளவு வடிவாக இருந்தாலும், என் பெட்டிக்குள் வராது.

வெளிநாட்டுக் கத்தி ரசிகர்கள் இணையத்தில் போடுகிற படங்களை நானும் பார்க்கிறேன். எந்த உருக்கு, எத்தனை றொக்வெல் கடினம், பிடி என்ன மரம், உறை தோலா பிளாஸ்டிக்கா என்று விடிய விடியக் கதைப்பார்கள். அந்தக் கதை எனக்கு நல்ல விருப்பம், நிறையப் படித்ததும் அவர்களிடம்தான். ஆனால் அவர்களில் பலர் கத்தியை வாங்கி வைத்துவிட்டு அதற்கு ஒரு வேலை தேடுகிறார்கள். எங்கள் ஊரில் வேலை முதலில் இருந்தது, கத்தி அதற்குப் பின்னால் வந்தது. ஒரு கத்தியின் வளைவு, பாரம், பிடியின் நீளம் எல்லாவற்றையும் அந்த வேலைதான் தீர்மானித்தது என்பதை விளங்கிக்கொண்ட பிறகு, சும்மா மினுங்குகிற கத்தியில் எனக்கு ஆசை போய்விட்டது.

பாளைக்கத்தியில் இருந்து தொடங்குகிறேன். குடாநாட்டில் இதைவிடக் கூரான கத்தி வேறு இல்லை என்பது என் முடிவு. பனையில் கள்ளு இறக்குபவர் காலையும் மாலையும் மரத்தில் ஏறி, பாளையின் நுனியில் ஒரு மெல்லிய சீவல் மட்டும் எடுப்பார். வெட்டு சுத்தமாக இருந்தால்தான் சாறு வடியும். மழுங்கிய கத்தியால் சீவினால் பாளையின் சதை நசுங்கி, சொட்டு நின்றுவிடும். தடிப்பாகச் சீவினால் பாளை கெதியில் தீர்ந்துவிடும், பருவம் முடியும்வரை வரவேண்டிய உழைப்பு பாதியில் போய்விடும். இவ்வளவையும் காற்றில் ஆடுகிற பனை உச்சியில், ஒரு கையால் பாளையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் செய்ய வேண்டும். அதனால்தான் அந்த அலகு மெல்லிசு, பாரமே இல்லை. மட்டை வெட்ட அவர்களிடம் வேறொரு பாரமான கத்தி இருக்கும், பாளைக்கத்தியால் மட்டையைத் தொடவும் மாட்டார்கள்.

என்னிடம் இருக்கிற பாளைக்கத்தி ஒரு பெரியவர் தொழிலை விட்ட பிறகு தந்தது. தீட்டித் தீட்டியே அலகின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கிறது. பிடியில் பெருவிரல் அழுத்தும் இடத்தில் மரம் தேய்ந்து ஒரு குழி. என் பெருவிரலை வைத்தால் அந்தக் குழி நிறையாது, அவருடையது அகலமான விரல். அவர் தீட்டுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். கல்லே இல்லை. ஒரு நீளமான மரக்கட்டை, அதன்மேல் இடித்துச் சலித்த வெள்ளைக்கல் தூள், அவ்வளவுதான். அலகைப் படுக்க வைத்து, கையை இறுக்காமல், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே சீராக இழுப்பார். வெளிநாட்டில் தோல் பட்டியில் பச்சைப் பசை பூசிக் கடைசி மெருகு பிடிக்கிறார்களே, அதே தத்துவம்தான்: அடியில் மெதுவான பொருள், மேலே உருக்கைத் தின்னக்கூடிய கடினமான தூள். வெள்ளைக்கல் என்பது குவார்ட்ஸ், நன்றாகத் தோய்ந்த உருக்கையும் அது உரசி எடுக்கும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க நான் கை மயிரை வழித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். “உது பொடியள் வேலை தம்பி. கூர் இருக்கோ இல்லையோ எண்டு பாளை சொல்லும்.”

இனிச் சத்தகம். கத்தி சேர்க்கிற ஆம்பிளைகள் கண்ணில் இது படுவதே இல்லை, காரணம் இது பெண்களின் கத்தி. விரல் நீள அலகு, கைக்குள் அடங்கும் பிடி. பனையோலையை ஈர்க்கு நீக்கி, நார் நாராக வார்வதற்கு உள்ளது. வாரின அகலம் ஓரிடத்தில் கூடிக் குறைந்தால் பாயிலும் பெட்டியிலும் அது தெரிந்துவிடும், விளிம்பு இழுபடும். அம்மம்மா கதைத்துக்கொண்டே வாருவா, கண் ஓலையில் இருக்காது, ஆனால் நார்கள் ஒன்றோடு ஒன்று அளந்து வெட்டியது போல விழும். நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, பாய் எல்லாம் அந்தச் சின்னக் கத்தியின் வேலை. பெரிய காட்டுக்கத்தி ஒன்றையும் சத்தகம் ஒன்றையும் முன்னால் வைத்து எது உனக்கு வேண்டும் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சத்தகத்தை எடுப்பேன். காட்டுக்கத்தி இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. பழைய சத்தகங்கள் பிளாஸ்டிக் பாயோடும் பிளாஸ்டிக் கூடையோடும் பழைய இரும்பு வாங்குபவரின் தராசுக்குப் போய்விட்டன.

அதையே பெரிதாக்கி, அரிவாள் போல வளைத்து, நீண்ட தடியின் நுனியில் கட்டினால் கொக்கச்சத்தகம். ஆட்டுக்குக் குழை வெட்ட. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று வேலி நீளத்துக்கும் நிற்கிற மரங்களின் கொப்புகளை நிலத்தில் நின்றபடியே கொளுவி ஒரு இழுவை. வளைவின் உள்பக்கம் மட்டும்தான் கூர். இழுக்கும்போது கொப்பு வழுக்கி ஓடாமல் வளைவுக்குள் தானாக வந்து மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் வேலி வெட்டுவதற்குப் பாவித்த கொக்கிக் கத்தியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கணக்கை இரண்டு ஊர்க்காரர் தனித்தனியாகச் செய்து ஒரே விடைக்கு வந்திருப்பது தெரியும்.

மீன் சந்தையில் வெட்டுகிறவர்களின் கத்தியைப் பற்றி ஒரு சொல் மட்டும். பாசையூரிலோ குருநகரிலோ காலையில் போய் நின்று பாருங்கள். தோல் உரிப்பதும் முள் வெட்டுவதும் துண்டு போடுவதும் அதே ஒரு கத்தியின் வெவ்வேறு இடங்களால் நடக்கும். எத்தனை காணொளி பார்த்தாலும் அது வராது.

இவை எல்லாம் பிறந்த கொல்லப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைகிற விசயம் அதுதான். நான் போகிற பட்டறை வடமராட்சிப் பக்கம் இருக்கிறது. தகரக் கொட்டில், மண் தரை, உலையில் சிரட்டைக்கரி. துருத்தி போய் மின்சார ஊதி வந்துவிட்டது. பட்டடையாகக் கிடப்பது ஒரு துண்டுத் தண்டவாளம். 1990இல் ரயில் நின்ற பிறகு பழைய பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கு மேல் போனது எல்லோருக்கும் தெரியும். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது புதுத் தண்டவாளத்தில். பழையது இப்படி அங்கும் இங்கும் துண்டு துண்டாகச் சீவித்துக்கொண்டு இருக்கிறது.

கத்திக்கு எடுப்பது லொறியின் வில்லுத் தகடு. அது சும்மா கழிவு இரும்பு இல்லை. பாரம் ஏற ஏற வளைந்து, இறங்க நிமிர வேண்டிய உருக்கு, வகையைப் பொறுத்து ஏறக்குறைய 0.5 முதல் 0.6 வீதம் கரியும் (கார்பன்) கொஞ்சம் குரோமியமும் உள்ளது. வெளிநாட்டில் 5160 என்று பெயர் சொல்லி, பெரிய கத்திகளுக்கு அது திறம் என்று விலை கூட்டி விற்கிற உருக்கும் இந்தக் குடும்பம்தான். உடையாது, அடி தாங்கும், துரு மட்டும் பிடிக்கும்.

பழுக்கக் காய்ச்சின கத்தியைத் தண்ணீரில் அமிழ்த்திக் கடினமாக்குகிறதுதான் தோய்ச்சல், அந்த ஒரு நிமிசத்துக்காகவே நான் பட்டறைக்குப் போவேன். இரும்பு 770 பாகை செல்சியசுக்குக் கிட்ட வரும்போது காந்தம் அதில் ஒட்டாமல் போகும், அதைத் தாண்டிக் கொஞ்சம் கூட்டித்தான் தோய்க்க வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கும். பட்டறைக்கார ஐயாவுக்குக் காந்தம் தேவையில்லை, நிறம் போதும். பட்டறைக்குள்ளே எப்போதும் மங்கலாக இருப்பது காசில்லாமல் இல்லை, வெயில் உள்ளே வந்தால் உலையின் நிறம் பொய் சொல்லும். அவர் கத்தியைக் குறட்டால் எடுத்து, கூர்ப்பக்கத்தை மட்டும் தொட்டித் தண்ணீரில் ஓரிரு செக்கன் அமிழ்த்தி வெளியே எடுத்தார். முதுகு இன்னும் சிவப்பு. உடனே ஒரு உடைந்த சாணைக்கல் துண்டால் அலகை நாலு இழுவை உரசி வெள்ளையாக்கினார். முதுகில் மிஞ்சியிருந்த சூடு கூரை நோக்கி இறங்க இறங்க, அந்த வெள்ளையில் நிறங்கள் நகரத் தொடங்கின: முன்னால் வைக்கோல் நிறம், அதன் பின்னால் மண்ணிறம், பின்னால் ஊதா, கடைசியாக நீலம். வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்டு மண்ணிறமாகப் போகிற நேரம் முழுக் கத்தியையும் தொட்டிக்குள் விட்டார். “நீலம் வர விட்டா வளையும். வெள்ளையாவே நிப்பாட்டினா கல்லில பட்டு உடையும்” என்றார். அரத்தை எடுத்துக் கூரில் வைத்து இழுத்தேன், பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. முதுகில் வைத்தேன், பிடித்தது. ஒரே கத்தியில் கூர் கடினமும் முதுகு மெதுவும் இருக்க வேண்டும் என்று யப்பானிய வாள் செய்பவர்கள் முதுகில் களிமண் பூசிச் செய்வதைப் பெரிய கலையாக உலகம் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும், அது கலைதான். இந்த மனுசன் களிமண்ணும் இல்லாமல், வெப்பமானியும் இல்லாமல், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு அதையே செய்கிறார். அவருக்குப் பிறகு அந்தப் பட்டறையில் நிற்க ஆள் இல்லை, மகன்மார் வெளிநாட்டில்.

இலங்கையின் உருக்குக் கதை பழையது என்பதையும் எங்கள் பொடியளுக்குச் சொல்ல வேண்டும். தெற்கே சமனலவெவப் பக்கம், மலைச்சரிவுகளில் மேற்குப் பக்கம் பார்த்தபடி கட்டிய இரும்பு உலைகள் தோண்டி எடுக்கப்பட்டன. துருத்தி ஊதுவதற்குப் பதிலாகத் தென்மேல் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். ஜில் ஜூலெஃப் (Gill Juleff) என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலையைக் கட்டிக் காற்றில் உருக்கிக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். அந்த உலைகளில் கரி கூடிய நல்ல உருக்கே நேரடியாக வந்தது. கிபி 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலம். டமாஸ்கஸ் உருக்கு என்று கோடு கோடாகப் போட்ட மலிவுக் கத்தியை இணையத்தில் வாங்கிவிட்டு வந்து என்னிடம் காட்டுகிற தம்பிமாருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பாதுகாப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கத்திக்கு முதல் எதிரி உப்புக்காற்று. எந்த மூலையில் இருந்தாலும் கடல் தூரமில்லை. கரி உருக்குக் கத்தியை ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் காலையில் செம்மண் நிறப் பொட்டு வந்திருக்கும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாள் போகப் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு துளி போதும், துணியால் பரப்பி வையுங்கள். தோல் உறைக்குள் நீண்ட காலம் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கருமை படர்வதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். புதுக் கரி உருக்கால் ஒரு புளிமாங்காயை வெட்டிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஏறும். மாங்காயின் வெட்டு வாயும் கறுக்கும், அதைச் சாப்பிடச் சுவை இருக்காது. ஆனால் அந்தப் படலம் செம்மண் துருவை ஓரளவு தடுக்கும். வாழைப்பொத்தி வெட்டினால் இன்னும் கருமையாக வரும். பழைய கத்தி வாங்கியவுடன் அந்தக் கருமையை உரஞ்சி வெள்ளியாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது, ஒரு ஆயுள் வேலை அதில் எழுதியிருக்கிறது.

ஆயுத பூசைக்குக் கத்திகளை எல்லாம் எடுத்து வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டிலும் நடக்கும். அடுத்தநாள் மறக்காமல் துடைத்து எண்ணெய் போடுங்கள், ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் அதே வட்டத்தில் துரு வந்துவிடும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைக்க மற்றவர் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்று அம்மம்மா சொல்லுவா. நான் அதை இன்றைக்கும் கடைப்பிடிக்கிறேன். கைகள் வெட்டுப்படாமல் இருக்கிறதற்கு அதைவிட நல்ல பழக்கம் இல்லை.

வெளிநாட்டுக் கத்தி என்னிடம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவிசில் இருந்து மாமா கொண்டு வந்த சிவப்பு வில்லுக்கத்தி ஒன்று எந்த யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியிலும் இருக்கும், எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தக் கத்தியும் ஒரு வேலையில் இருந்துதான் பிறந்தது என்று பிறகுதான் வாசித்தேன். 1891இல் சுவிஸ் இராணுவம் எடுத்த முதற்கத்தியில் ஒரு அலகு, ஒரு துளை ஊசி, ஒரு தகரம் திறக்கும் கொக்கி, ஒரு திருப்புளி மட்டும். திருப்புளி வைத்த காரணம் அந்தக் காலத்துத் துவக்கைக் கழற்றிப் பூட்ட. அப்புறம் சுவீடன் மோரா. விலை குறைவு, பிடி பிளாஸ்டிக், பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் தச்சரும் கமக்காரரும் பாவித்துப் பாவித்தே உருவான கத்தி, தடி சீவ அதற்கு நிகர் குறைவு. பிடிக்குள் தூண்டிலும் திசைகாட்டியும் வைத்து, முதுகில் வாள்பல் வெட்டின பெரிய ‘சர்வைவல்’ கத்தி மட்டும் வாங்காதீர்கள். பிடி உள்ளே குழாய், அலகு ஒரு சின்னத் திருகில் நிற்கும், ஒரு விறகைப் பிளந்தால் கழன்றுவிடும். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சர்வைவல் என்று தொடங்கியதால் அதையும் கதைத்துவிடுவோம். காட்டுக்குப் போய்த் தங்கி, தடி சீவி, நெருப்பு மூட்டி, தண்ணீர் காய்ச்சிக் குடித்துவிட்டு வருவது எனக்கும் பிடித்த விசயம். ஆனால் சுவீடன்காரன் செய்வதைப் பார்த்து அப்படியே இங்கே செய்ய முடியாது. அங்கே யாருடைய காட்டிலும் நடந்து போய் ஒரு இரவு கூடாரம் அடிக்கப் பொதுமக்களுக்கு உரிமை இருக்கிறது. இங்கே பாதையை விட்டு இறங்கும் முன் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. முகமாலைப் பக்கம் போனவர்களுக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தெரியும். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுத்துக்கொண்டு இருக்கின்றன. எந்தக் காடு துப்புரவு செய்தது, எது செய்யவில்லை என்று ஊர்ச்சனத்திடம் கேட்காமல் வன்னியில் எங்கேயும் இறங்க வேண்டாம், குழி தோண்டி நெருப்பு மூட்டுகிற யோசனையை முழுதாகவே விடுங்கள். சரணாலயம், ஒதுக்குக் காடு என்றால் பச்சைக் கொப்பு ஒன்றும் வெட்டாதீர்கள். நான் பெரும்பாலும் தெரிந்தவர்களின் காணியில்தான் தங்குவேன், வீதியால் போகும்போது கத்தி துணியில் சுற்றிப் பையின் அடியில் இருக்கும், மறித்துக் கேட்டால் என்ன வேலைக்கு எங்கே போகிறேன் என்று சொல்லக்கூடிய கத்தி மட்டும்தான் பையில் இருக்கும்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீறி இரத்தத்தை உறிஞ்சித் துப்பு என்று சில பழைய கைநூல்களில் இருக்கிறது. செய்யாதீர்கள். கீறுவதால் நஞ்சு வெளியே வராது, காயம்தான் பெரிதாகும். கண்ணாடிப் புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகும், அந்த நேரத்தில் கீறின வெட்டில் இரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம் கொலுசு இருந்தால் கழற்றி, நேரே பெரியாஸ்பத்திரிக்கு. காட்டுக்குப் போகிறவர் பையில் கத்தி இருப்பதைவிட, இரவில் கால் வைக்கிற இடத்தைப் பார்க்க ஒரு ரோச் இருப்பது முக்கியம்.

நெருப்புக்கு நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். ஃபெரோ கம்பி என்று உரசினால் பொறி பறக்கிற கம்பி விற்கிறார்கள், நல்ல சாமான், நனைந்தாலும் வேலை செய்யும். ஆனால் பொறி விழ ஒரு பஞ்சு வேண்டும். அதற்கு அவர்கள் பேர்ச் மரப் பட்டை தேடுகிறார்கள், எங்களுக்குப் பன்னாடை இருக்கிறது. காய்ந்த பன்னாடையைக் கசக்கி, நடுவில் தென்னந்தும்பைப் பிய்த்து வைத்து, கத்தி முதுகால் கம்பியை உரசினால் பிடித்துக்கொள்ளும். கூர்ப்பக்கத்தால் உரசாதீர்கள். நெருப்பை நிறுத்தி வைக்க ஊமல் என்கிற பனங்கொட்டை ஓடு இருக்கிறது, பனை மட்டையின் அடியான கங்குமட்டை இருக்கிறது. காய்ந்த ஓலையை இறுக்கிக் கட்டினால் சூள், அதைப் பிடித்துக்கொண்டுதான் முந்தி இரவில் கரையோரம் மீன் பிடித்தார்கள். உணவுக்குப் புழுக்கொடியலை விடத் திறமான ஒன்றை எந்தப் பொதியிலும் நான் காணவில்லை. பனங்கிழங்கை அவித்துக் காய வைத்தது, மாதக்கணக்கில் கெடாது, பாரம் இல்லை, ஒரு துண்டைக் கடித்து முடிக்கவே அரை மணித்தியாலம் போகும். தண்ணீர்தான் கவலை. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லாத குடாநாடு, எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் இருக்கிறது, நெடுந்தீவில் போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் தெரியும். கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரசிவிட்டால் மண் அடியில் படியும். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைக்க வேண்டாம், கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் வாசலில் தயாராக ஒரு பொதி கட்டி வைப்பதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அந்தப் பொதியை எங்கள் அம்மாமார் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கட்டி வைத்திருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுக்க மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது எங்கள் அம்மாவின் கையில் இருந்த பையில் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, பொலித்தீனில் சுற்றின நெருப்புப்பெட்டி, ஒரு சின்னச் சட்டி, சேலைத் துண்டில் சுற்றின கறிக்கத்தி. சும்மா ஒரு கறிக்கத்தி, பிடி ஆடும். பிறகு வந்த மாதங்களில் கொட்டில் போடத் தடி சீவினதும் கயிறு அறுத்ததும் தேங்காய் உடைத்ததும் மீன் வெட்டினதும் அந்தக் கத்திதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு மெல்லிய திரி போட்டுப் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டோம். இதை எல்லாம் செய்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும்போது, நெருப்பு மூட்டுவது எப்படி என்று வெளிநாட்டுக் காணொளியில் மட்டும் தேடுவது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியைக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கோடிப்புறத்திலோ பழைய மால் கொட்டிலின் செத்தையிலோ செருகின சத்தகம், பாளைக்கத்தி, கொக்கச்சத்தகம் எதுவும் இருந்தால், இரும்பு விலைக்குப் போட முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். வாங்க வேண்டும் என்று இல்லை, உங்களிடமே இருக்கட்டும். சாணைக்குக் கொடுத்து மினுக்காதீர்கள், பிடி உடைந்திருந்தாலும் மாற்றாதீர்கள். துருவை ஒரு பழைய துணியில் எண்ணெய் தோய்த்துத் துடைத்தால் போதும். ஒரு மட்டையில் மூன்று விசயம் மட்டும் எழுதி அதோடு கட்டி வையுங்கள்: யார் பாவித்தது, எந்த ஊர், என்ன வேலைக்கு. வீட்டில் பெரியவர் யாரும் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள், அதைக் கையில் கொடுத்து, பிடிக்கிற விதத்தை ஒரு படமும் எடுங்கள்.